நோய்ப்பரவலியல் முறையியல் ஆய்வு விருதுக்கு மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து ஆயத்தமாவது எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றும் இளம் வைத்தியர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீட மாணவர்கள், சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகின்றது. நோய்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குப் பல விருதுகள் உண்டு; நோயை ஆராயும் முறையைத் திருத்தியதற்கென்றே வழங்கப்படும் விருதுகள் சிலவே. அவை நம்மவர்களுக்கு எட்டாதவை என்றொரு எண்ணம் இங்கே நிலவுகின்றது. அந்த எண்ணத்துக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. முறையியல் ஆய்வுக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடமோ பெருந்தொகை நிதியோ கட்டாயமில்லை. நல்லதொரு கேள்வியும், கணக்கில் பொறுமையும், சாதாரண மடிக்கணினியும் இருந்தால் தொடங்கலாம். கேள்விகளோ நமது பணிமனைப் பதிவேடுகளிலேயே குவிந்து கிடக்கின்றன.

முதலாவது படி: விருது எதைப் பாராட்டுகின்றது என்பதை விளங்கிக்கொள்ளல்

அமெரிக்காவை மையமாகக் கொண்டு இயங்கும் நோய்ப்பரவலியல் ஆய்வுச் சங்கம், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்ஷல் ஜொஃபியின் பெயரால் முறையியல் ஆய்வுக்கான விருதொன்றை வழங்கி வருகின்றது. ஒருவருக்கு ஒரு சிகிச்சை கிடைக்கக்கூடிய நிகழ்தகவை அவருடைய பின்னணித் தகவல்களிலிருந்து கணித்து, அந்நிகழ்தகவு ஒத்திருப்பவர்களைத் தம்முள் ஒப்பிடும் முறையைப் பற்றி ஜொஃபியும் போல் ரோசன்போமும் 1999 இல் ‘அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் எபிடெமியோலொஜி’ இதழில் எழுதிய கட்டுரை, புதிதாக வருபவரும் வாசிக்கத் தொடங்கக்கூடிய ஒன்று. விண்ணப்பிக்க நினைப்பவர், விருது யாருடைய பெயரைத் தாங்கியுள்ளதோ அவருடைய கட்டுரைகளில் இரண்டொன்றையாவது வாசித்திருத்தல் நன்று. எவ்வகை வேலை அங்கே மதிக்கப்படுகின்றது என்பது விதிமுறைகளைப் படிப்பதைவிட அதனால் தெளிவாக விளங்கும்.

முறையியல் ஆய்வு என்பது வெறும் சூத்திரம் செய்யும் தொழில் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். 2022 இல் ரூசோ (Rousseeuw) புள்ளிவிபரவியல் பரிசு ஜேம்ஸ் ரொபின்ஸுக்கும் அவருடன் பணியாற்றிய மிகேல் ஹெர்னான், தோமஸ் ரிச்சட்சன், அன்ட்ரியா ரொட்னிட்ஸ்கி, எரிக் செட்ஜன் செட்ஜன் ஆகிய நால்வருக்கும் வழங்கப்பட்டது. பத்து இலட்சம் அமெரிக்க டொலர் மதிப்புள்ள அப்பரிசுக்கு அடித்தளமான ரொபின்ஸின் 1986 ஆம் ஆண்டுக் கட்டுரை, தொழிற்சாலைப் பதிவேடு ஒன்றைக் கையில் எடுத்த எவரும் சந்திக்கும் இடரிலிருந்து பிறந்தது. உடல்நலம் குன்றியவர்கள் வேலையை விட்டு விலகிவிடுவார்கள். நலமாக இருப்பவர்களே நீண்டகாலம் பணியில் நீடித்து, நச்சுப்பொருளுக்கு அதிகமாக முகங்கொடுப்பார்கள். ஆகவே மேலோட்டமாகக் கணக்கிட்டால் நச்சுப்பொருள் தீங்கற்றதுபோலத் தோன்றும். அந்தத் தவறான தோற்றத்தை நீக்குவதற்கான வழியையே அவர் தேடினார். கையில் உள்ள தரவு ஏன் நம்மை ஏமாற்றுகின்றது என்று கேட்பதிலிருந்துதான் இந்தத் துறையின் பெரிய வேலைகள் பலவும் தொடங்கியுள்ளன.

இரண்டாவது படி: பொருத்தமான விருதைத் தெரிவுசெய்தல்

இதில் அதிகம் தயங்கத் தேவையில்லை. பல ஆண்டுகாலப் பங்களிப்பைப் பார்க்கும் விருதுகள் ஒருவகை. ஒரே ஒரு கட்டுரையை மட்டும் பார்க்கும் பரிசுகள் மற்றொருவகை. மேற்சொன்ன சங்கமே மாணவர்களின் கட்டுரைக்கு டைரோலர் பெயரிலும், கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வாளரின் கட்டுரைக்கு லிலியன்ஃபெல்ட் பெயரிலும் பரிசு வழங்குகின்றது. புதிதாக வருபவர் கட்டுரைப் பரிசிலிருந்து தொடங்குவதே முறை. உறுப்புரிமை வேண்டுமா, தம்மைத் தாமே பிரேரிக்கலாமா, பட்டம் பெற்று எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற மூன்றையும் அந்த ஆண்டின் அறிவித்தலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டின் நிபந்தனைகளை நம்பி ஆயத்தமாகக் கூடாது.

மூன்றாவது படி: கேள்வியை நமது பதிவேட்டிலிருந்து எடுத்தல்

இந்தப் படிக்கே அதிக காலத்தைச் செலவிட வேண்டும். ‘கல்முனையில் டெங்கு யாருக்கு அதிகம் வருகின்றது?’ என்பது பயனுள்ள கேள்வி. ஆயினும் அது முறையியல் கேள்வி அன்று. ‘ஒரு பட்டியல் மற்றொரு பட்டியலிலிருந்தே பெரும்பாலும் உருவாகும் இடங்களில், இரண்டிலும் விடுபட்ட நோயாளர்களின் தொகையை எவ்வாறு மதிப்பிடுவது?’ என்பது முறையியல் கேள்வி. இதற்குக் கிடைக்கும் விடை கல்முனைக்கும் உதவும், கல்முனையைப் பார்த்தேயிராத ஒருவருக்கும் உதவும். விருதுக் குழு தேடுவது அந்த இரண்டாவது பயனையே.

இந்த எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு பெருகும் மாதங்களில் வைத்தியசாலை விடுதியில் டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் ஒருவர் அனுமதிக்கப்பட்டால், எச் 544 அறிவித்தல் படிவம் நிரப்பப்பட்டு அவர் வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பப்படுகின்றது. அங்கே பதிவேட்டில் சேர்க்கப்பட்ட பின்னர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குச் சென்று விசாரித்து எச் 411 படிவத்தை நிரப்புகின்றார். வார இறுதியில் எச் 399 திரட்டு கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்கின்றது. ஆகவே நம்மிடம் இரண்டு பட்டியல்கள் உள்ளன: வைத்தியசாலைப் பட்டியல் ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைப் பட்டியல் மற்றொன்று.

இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் இல்லாதவர்களின் தொகையை மதிப்பிடும் வழி பழையது. இந்தியக் குடித்தொகையியலாளர் சந்திரசேகரனும் அமெரிக்கரான எட்வேட்ஸ் டெமிங்கும் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் எவ்வளவு முழுமையானவை என்பதை அளவிட 1949 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. முதற் பட்டியலின் தொகையை இரண்டாம் பட்டியலின் தொகையால் பெருக்கி, இரண்டிலும் இடம்பெற்றவர்களின் தொகையால் வகுத்தால் மொத்தம் கிடைக்கும் என்பதே அடிப்படைச் சூத்திரம். ஆனால் ஒரு பட்டியலில் இடம்பெறுவது மற்றதில் இடம்பெறுவதோடு தொடர்பற்றது என்ற எடுகோள் அதற்குள் இருக்கின்றது. வைத்தியசாலை அறிவித்தால்தான் பெரும்பாலும் பணிமனைப் பட்டியலில் பெயர் ஏறும் என்ற நமது நடைமுறை, அந்த எடுகோளை அடியோடு தகர்த்துவிடுகின்றது.

விளக்கத்துக்காகக் கற்பனையான எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பிரதேசத்தில் உண்மையில் 200 நோயாளர் இருக்கின்றனர். அவர்களுள் 120 பேர் வைத்தியசாலையில் பதிவாகி, அவர்களில் 90 பேர் பற்றிய அறிவித்தல் பணிமனைக்குச் சென்றுள்ளது. தனியார் சிகிச்சை நிலையங்களை மட்டும் நாடிய அல்லது வீட்டிலேயே இருந்த மீதி 80 பேரில் 10 பேர் மட்டுமே பணிமனைப் பட்டியலில் உள்ளனர். ஆகப் பணிமனைப் பட்டியல் 100. இரண்டிலும் உள்ளவர் 90. சூத்திரத்தின்படி 120 ஐ 100 ஆல் பெருக்கி 90 ஆல் வகுத்தால் 133 வருகின்றது. இரண்டு பட்டியல்களையும் சேர்த்தாலே 130 பேர் கண்ணுக்குத் தெரிகின்றனர். ஆகவே ‘மூவர் மட்டுமே விடுபட்டுள்ளனர்’ என்று சூத்திரம் உறுதி கூறும். உண்மையில் விடுபட்டவர்கள் 70 பேர். புகை விசிறலுக்கும் வைத்தியசாலைக் கட்டில்களுக்கும் இந்த எண்ணை நம்பித் திட்டமிட்டால் என்ன நேரும் என்பதை இப்பகுதியில் வேலை செய்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டு சொல்வது மட்டும் பங்களிப்பு ஆகாது. பட்டியல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட சிக்கல். மூன்றாவது பட்டியல் ஒன்றைச் சேர்த்தால் சார்புநிலையை ஓரளவு மாதிரியமைக்கலாம் என்பதை ஸ்டீவன் ஃபைன்பேர்க் 1972 இல் காட்டினார். ஆய்வுகூடப் பட்டியலை மூன்றாவதாகக் கொள்ளலாம் என்று நமக்கு உடனே தோன்றும். ஆனால் இரத்த மாதிரியும் பெரும்பாலும் விடுதியிலிருந்தே ஆய்வுகூடத்துக்குச் செல்வதால், அதுவும் முதற் பட்டியலின் நிழலாகவே அமைந்துவிடும். இந்த இடத்தில்தான் புதிய வேலைக்கு இடமிருக்கின்றது. சார்புநிலையின் அளவை ஒட்ஸ் விகிதமாக (ஒரு பட்டியலில் இருப்பவருள் மற்றதில் உள்ளவருக்கும் இல்லாதவருக்குமான விகிதம், அதில் இல்லாதவருள் உள்ள அதே விகிதத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது; தொடர்பே இல்லையெனில் 1) எடுத்துக்கொண்டு, அதை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது விடுபட்டவர்களின் தொகை எவ்வாறு மாறுகின்றது என்று காட்டலாம். மேலுள்ள எண்களில் அவ்விகிதம் 1 எனில் விடுபட்டவர் 3. 5 எனில் 17. 21 எனில் 70. எந்த வீச்சு நமது நடைமுறைக்குப் பொருந்தும் என்பதைச் சிறிய வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டு மதிப்பீட்டுக்குள் புகுத்த முடியுமா, அந்தக் கணக்கெடுப்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று கேட்டால், அறிவித்தல் முறை நம்முடையதை ஒத்திருக்கும் ஏனைய நாடுகளுக்கும் உதவும் கேள்வியாக அது வளரும்.

அதே பதிவேட்டில் இன்னொரு இடரும் உண்டு. ஒரே ஆளின் பெயர் வைத்தியசாலையில் ஒருவிதமாகவும் பணிமனையில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. முகம்மது என்ற பெயருக்கும் கந்தசாமி என்ற பெயருக்கும் எத்தனை எழுத்துக்கூட்டல்கள் உள்ளன என்பதைப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் அறிவார்கள்; தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். இரண்டு பதிவுகள் ஒருவருடையவையா என்பதை நிகழ்தகவால் முடிவுசெய்யும் கோட்பாட்டை ஃபெலிகியும் சண்டரும் 1969 இல் வகுத்தனர். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் கலந்த அம்பாறைப் பட்டியல்களுக்கு அதை எவ்வாறு பொருத்துவது என்பது தனியே ஆராயத்தக்கது. மேலும், 90 பேரில் ஒன்பது பேரை இணைக்கத் தவறினால் பொதுவானவர் 81 ஆகக் குறைந்து, மதிப்பீடு 148 ஆக ஏறிவிடும். சார்புநிலை எண்ணைக் கீழே இழுக்க, இணைப்புத் தவறு மேலே தள்ளுகின்றது. விடை உண்மையை நெருங்குவதுபோலத் தோன்றினாலும் அது தற்செயலே. அடுத்த ஆண்டு பதிவுகளை இணைக்கும் வேலை திருந்தினால் மதிப்பீடு மீண்டும் விழும், நோய் குறைந்துவிட்டதென்று நாம் தவறாக நம்புவோம். இரண்டு பிழைகளையும் ஒருசேரக் கையாளும் முறை ஒன்றைச் செம்மையாக எழுதினால், அது விருதுக் குழுவின் முன் வைக்கத்தக்க வேலையே.

டெங்கு மட்டுமல்ல. 2004 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பின்னர் இம்மாவட்டத்தின் 13 முகாம்களில் 859 குடும்பங்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின் முடிவுகள் 2006 இல் வெளிவந்தன. முகாமில் கேள்வி கேட்டு இறந்தவர்களை எண்ணும்போது, விடை சொல்வதற்கு ஒருவராவது எஞ்சிய குடும்பங்கள் மட்டுமே கணக்கில் வரும். ஒருவருமே எஞ்சாத குடும்பங்கள் எண்ணிக்கைக்குள் வருவதில்லை. அவ்வாறு முற்றாக அழிந்த குடும்பங்களை எப்படி மதிப்பீட்டுக்குள் கொண்டுவருவது என்பது பேரிடர் எங்கே நிகழ்ந்தாலும் எழும் கேள்வி. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, மருதமுனைக் கரையோரங்களில் அக்கேள்வியின் கனத்தை நேரில் அறிந்தவர்கள் இன்றும் வாழ்கின்றனர். அதற்கு விடை தேடும் உரிமையும் தகுதியும் அவர்களின் பிள்ளைகளுக்கு இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காவது படி: அனுமதிகள்

ஆய்வைத் தொடங்குமுன் பல்கலைக்கழக நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அங்கீகாரத்தையும், தரவு எந்தப் பகுதிக்குரியதோ அந்தப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதியையும் பெறுங்கள். அம்பாறை நிர்வாக மாவட்டத்துக்குள் கல்முனைப் பிராந்தியம் தனிப் பணிப்பாளரின் கீழ் உள்ளது. அக்கரைப்பற்றின் தரவுக்கு அம்பாறை நகரில் விண்ணப்பித்துக் காத்திருப்பது வீண். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவை இணைப்பு வேலைக்கு மட்டும் பணிமனைக்குள்ளேயே பயன்பட வேண்டும். இணைப்பு முடிந்ததும் அவற்றை நீக்கிக் குறியீட்டு எண்களோடு மட்டும் கோப்பை வெளியே எடுங்கள். அனுமதிக்குப் பல மாதங்கள் செல்லக்கூடும். அந்தக் காலத்தை அடுத்த படிக்குப் பயன்படுத்தலாம், ஏனெனில் அதற்கு உண்மைத் தரவே தேவையில்லை.

ஐந்தாவது படி: முறை வேலை செய்கின்றது என நிறுவுதல்

உண்மைத் தரவில் சரியான விடை எதுவென்று எவருக்கும் தெரியாது; ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் முறை பழைய முறையைவிடச் சிறந்தது என்று நிறுவ முடியாது. இதற்காகவே கணினிப் பாவனையாக்கம் பயன்படுகின்றது. உண்மையான விடையை நீங்களே நிர்ணயித்து, அதற்கேற்ற செயற்கைத் தரவைப் பல்லாயிரம் தடவை உருவாக்கி, ஒவ்வொரு தடவையும் உங்கள் முறை அவ்விடையை எவ்வளவு நெருங்குகின்றது என்று பார்ப்பதே அது. மொரிஸ், வைட், குரோதர் ஆகியோர் 2019 இல் ‘ஸ்டற்றிஸ்டிக்ஸ் இன் மெடிசின்’ இதழில் எழுதிய வழிகாட்டி, இவ்வேலையை நோக்கம், தரவை உருவாக்கும் விதம், மதிப்பிடப்படும் பொருள், ஒப்பிடப்படும் முறைகள், செயற்றிறன் அளவுகள் என்ற ஐந்து தலைப்புகளில் முன்கூட்டியே எழுதிவைக்கும்படி கூறுகின்றது. அதை அப்படியே பின்பற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இதற்குப் போதும். மின்சாரமும் இணையமும் தடைப்படக்கூடிய இடங்களில் வேலை செய்பவர்கள், நீண்ட ஓட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும்படி நிரலை எழுதிக்கொள்வது நல்லது.

உங்கள் முறை வெற்றிபெறும் நிலைமைகளை மட்டும் காட்டாதீர்கள். நோயாளர் தொகை சிறியதாகும்போது என்ன நேர்கின்றது, சார்புநிலையைப் பற்றிய ஊகம் தவறானால் எவ்வளவு விலகுகின்றது என்பவற்றையும் காட்ட வேண்டும். எந்த இடத்தில் தமது முறை உடைந்துபோகும் என்பதைத் தாமே எழுதிய ஆய்வாளரைத்தான் இத்துறை அறிஞர்கள் நம்புகின்றனர்.

ஆறாவது படி: எழுதி வெளியிடல்

கட்டுரையை முதலில் இலங்கை மருத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டிலோ சமுதாய மருத்துவர்களின் கூட்டத்திலோ சுருக்கமாக முன்வையுங்கள். களத்தில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள் கட்டுரையைப் பெரிதும் திருத்தும். பின்னர் முறையியல் கட்டுரைகளை ஏற்கும் சர்வதேச இதழுக்கு அனுப்பலாம். சூத்திரத்துக்கு முன்னரே, வைத்தியசாலையிலிருந்து பணிமனைக்குப் படிவம் செல்லும் பாதையை ஒரு பக்கத்தில் தெளிவாக விளக்குங்கள். இலங்கையின் நடைமுறை வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்குத் தெரியாது, அது தெரியாவிடில் உங்கள் கேள்வி ஏன் எழுகின்றது என்பதும் விளங்காது. நிரலையும் செயற்கைத் தரவையும் கிட்ஹப் போன்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்து, ஆய்வுக் கோப்புகளைப் பாதுகாக்கும் செனோடோ தளத்தில் நிரந்தர அடையாள எண் பெற்றுக்கொள்ளுங்கள். முறையியல் வேலையின் பெறுமதி பிறர் அதை எடுத்துப் பயன்படுத்துவதில் இருப்பதால், ஓடக்கூடிய நிரல் ஒன்று நீண்ட முன்னுரையைவிட அதிகம் பேசும். வெளியீட்டுக் கட்டணம் பெரிதாக இருந்தால், சமர்ப்பிக்கும்போதே கட்டண விலக்கை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஏழாவது படி: பிரேரணை

விருதுக்கான கோப்பில் வழக்கமாகப் பிரேரணைக் கடிதம், தற்குறிப்பு, கட்டுரை, பங்களிப்பை விளக்கும் கூற்று ஆகியவை கேட்கப்படும். இவற்றுள் அதிகம் கெட்டுப்போவது கடிதமே. ‘இவர் கடின உழைப்பாளி, நற்பண்புடையவர்’ என்று தொடங்கும் நற்சான்றிதழ் நடை இங்கே உதவாது. இந்த முறைக்கு முன்னர் ஆய்வாளர்கள் என்ன செய்துவந்தனர், அதனால் என்ன பிழை நேர்ந்தது, இம்முறை அதை எவ்வாறு நீக்குகின்றது, வேறு யார் இதைப் பயன்படுத்தியுள்ளனர் என்ற நான்கு செய்திகளையும் கடிதம் சொல்ல வேண்டும். எழுதுபவர் பெரிய பதவியில் இருப்பதைவிட, உங்கள் கட்டுரையை உண்மையாக வாசித்தவராக இருப்பதே முக்கியம். பேராசிரியர் ஒருவரை அணுகும்போது கட்டுரையோடு, அந்த நான்கு செய்திகளையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, கடைசித் திகதிக்கு ஆறு வாரத்துக்கு முன்னரே அனுப்புங்கள். நம்மூரில் ஆசிரியரிடம் மீண்டும் நினைவூட்டுவது மரியாதைக்குறைவு என்று கருதித் தயங்குகின்றோம். பணிவான இரண்டு வரி நினைவூட்டலைப் பெரும்பாலான ஆசிரியர்கள் உதவியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையாயின் யார் எதைச் செய்தார் என்பதைக் கூற்றில் உள்ளபடி எழுதுங்கள். தரவைத் திரட்டிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், பதிவேட்டைத் தேடியெடுத்துத் தந்த பணிமனை உத்தியோகத்தர்களும் கட்டுரையின் நன்றியுரையில் இடம்பெற வேண்டும். கேள்வியின் வடிவத்தையே மாற்றிய யோசனை அவர்களில் ஒருவருடையதாக இருந்தால், அவர் பெயர் நன்றியுரையில் அன்றி ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டியது.

நோய்ப்பரவலியல் ஆய்வுச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் வழக்கமாக ஜூன் மாதத்தில் நடைபெறுவதால், விண்ணப்ப வேலைகள் அதற்குப் பல மாதங்கள் முன்னரே முடிந்திருக்க வேண்டும். பெரும்போக அறுவடைக் காலத்தில் வரும் டெங்கு நெருக்கடியோடு அந்த வேலையும் சேர்ந்துவிடாதபடி, ஒக்டோபரிலேயே கோப்பைத் திறந்து வையுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவு என்று கடைசி நேரம் குறிக்கப்பட்டிருந்தால், இலங்கையில் அது மறுநாள் காலை பத்தரை மணி. அங்கே கோடைகால நேரம் நடைமுறையில் உள்ள மாதங்களில் ஒன்பதரை மணி. உறுப்புரிமைக் கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த உங்கள் வங்கி அட்டை அனுமதிக்கின்றதா என்பதை ஒரு வாரம் முன்னரே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். சமர்ப்பித்தபின் வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். இரண்டு நாட்களுக்குள் அது வராவிட்டால் சங்கத்தின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அந்த ஆண்டு தெரிவாகாவிடினும், மீண்டும் விண்ணப்பிக்க விதிமுறை இடமளிக்குமாயின், இடைப்பட்ட காலத்தில் உங்கள் முறையை வேறொரு மாவட்டத்தின் அல்லது வேறொரு நோயின் பதிவேட்டில் பரீட்சித்து, அந்த முடிவையும் சேர்த்து அனுப்புங்கள்.